கேளம்பாக்கம் சுற்றி வராத விமானம்

மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் சேலையூரில் ஞானஜோதியின் வீட்டுக்கு மேலே விமானங்கள் கடலைப் பார்த்துப் போகும். கோயம்புத்தூரிலிருந்து வந்தாலும் சரி, மதுரையிலிருந்து வந்தாலும் சரி, தாம்பரத்தையும் கேளம்பாக்கத்தையும் தாண்டிக் கடல்மேல் திரும்பி, காற்றை எதிர்த்துக் கிழக்கிலிருந்துதான் மீனம்பாக்கத்தில் இறங்கும். அப்படி அவற்றைச் சுற்றிவரச் சொல்பவர்களில் ஞானஜோதியும் ஒருத்தி.

குரோம்பேட்டையில் பொறியியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, யார் முதலில், யார் அடுத்து, யார் எந்த உயரத்தில் என்று சொல்வதுதான் வேலை. அவள் சொன்னால் வானத்தில் எல்லோரும் திரும்புவார்கள். தாம்பரத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கும் அவள் கணவன் ஜெபகுமார், "அங்க கேக்குறாங்க, சரி. நாங்க என்ன பிளேனா?" என்று அடிக்கடி கேட்பதுண்டு. முடியாது என்ற சொல் அவள் காதுக்கு ஆகாது.

அந்த ஆடி மாதத்துக் காலையில் கோயம்புத்தூர் விமானம் ஒன்று வந்துகொண்டிருந்தது. ஓட்டியவர் கேப்டன் தீபா. மேற்கிலிருந்து நேராக இறங்க அனுமதி கேட்டார். காரணம் எதுவும் சொல்லவில்லை.

நேராக வந்தால் காற்று முதுகில் தள்ளும். ஓடுபாதையில் வேகம் அடங்க நேரமாகும். அதோடு கிழக்கிலிருந்து டில்லி விமானம் அதே ஓடுபாதையில் இறங்க வந்துகொண்டிருந்தது. ஞானஜோதி வழக்கம்போல, வலது பக்கம் திரும்பி கேளம்பாக்கம் வழியாக வரச் சொன்னாள்.

பதில் வரவில்லை. மறுபடி சொன்னாள்.

"முடியாது," என்றது அந்தக் குரல், ஆங்கிலத்தில். முகமூடிக்குள்ளிருந்து பேசுவது போல மூச்சிரைத்தது. "மேடே, மேடே, மேடே. காக்பிட்டில் புகை. நேராக வருகிறேன்."

மேடே என்பது உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விமானி சொல்லும் சொல். அதைச் சொன்ன பிறகு முடிவு விமானியுடையது. தரையில் இருப்பவர் வழிவிட வேண்டும், கேட்டதைக் கொடுக்க வேண்டும். ஞானஜோதிக்கு ஒரு கணம் சுருக்கென்றது. கோபம்தான், வேறொன்றும் இல்லை. அது அடங்குவதற்கு முன்பே வாய் வேலையைத் தொடங்கிவிட்டது.

டில்லி விமானத்திடம், இறங்க வேண்டாம், மேலே ஏறி வடக்கே திரும்பு என்றாள். பின்னால் வந்தவர்களைக் கடல்மேலேயே வட்டமடிக்க வைத்தாள். பக்கத்தில் நின்ற மேலதிகாரி தனசிங் போனில் தீயணைப்பு வண்டிகளைக் கூப்பிட்டார். பிறகு ஞானஜோதி தீபாவிடம் காற்றின் வேகத்தைச் சொல்லி, "ஓடுபாதை உங்களுடையது. உள்ளே எத்தனை பேர்? வேறென்ன வேண்டும்?" என்று கேட்டாள்.

எத்தனை பேர் என்பதை மூன்று முறை கேட்ட பிறகுதான் பதில் கிடைத்தது.

குன்றத்தூர் பக்கமாக, திரையில் தீபாவின் விமானமான அந்தப் புள்ளி தாழ்ந்து தாழ்ந்து வந்தது. விமானம் ஓடுபாதையின் கடைசியில் போய் நின்றது. பிரேக் பிடித்த சூட்டில் டயர்கள் வெடித்தன. எல்லோரும் அவசரச் சறுக்கு வழியாக இறங்கினார்கள். ஓர் அம்மாவுக்குக் கணுக்கால் பிசகியது. அவ்வளவுதான்.

புகைக்குக் காரணம், தீய்ந்துபோன சின்ன மின்விசிறி ஒன்று. தீ எங்கும் பிடிக்கவில்லை. அதுதான் தீபாவுக்கு வினையாகிவிட்டது. அவசரப்பட்டு, கட்டுப்பாட்டு அறையின் சொல்லை மீறி, விமானத்தைச் சேதப்படுத்திவிட்டார் என்று அவருடைய கம்பெனி சொன்னது. விசாரணைக்கு ஞானஜோதியையும் கூப்பிட்டார்கள்.

"உள்ளதைச் சொல்லு, ஜோதி," என்றார் தனசிங், கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே. "உன் பேச்சை அவங்க கேக்கல. அது உண்மைதானே?"

உண்மைதான். அதை நினைத்தால் இன்னும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

விசாரணை அறையில் கம்பெனி அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். "நீங்க சொன்னபடி கேளம்பாக்கம் சுத்தி வந்திருந்தா எவ்வளவு நேரம் கூட ஆயிருக்கும், மேடம்?"

"பத்து நிமிஷம் ஆயிருக்கும், சார்."

"அந்தப் பத்து நிமிஷத்துல ஒண்ணும் ஆயிருக்காது இல்லையா?"

"இப்ப இங்க உக்காந்துகிட்டு நமக்குத் தெரியுது. அப்ப எனக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது. ஆனா புகைக்குள்ள இருந்தது அவங்க."

"ஆனா உங்க உத்தரவை மீறினாங்க."

"நான் திரும்பச் சொன்னப்ப எனக்குப் புகை விஷயம் தெரியாது. தெரிஞ்சப்புறம் நான் அந்த உத்தரவைப் போடல. இல்லாத உத்தரவை எப்படி சார் மீற முடியும்?"

சில வாரங்களில் விசாரணையின் முடிவு வந்தது. கேப்டன் செய்தது அவருடைய அதிகாரத்துக்கு உட்பட்டதே என்றது. தீபா மறுபடி பறக்கத் தொடங்கினார்.

ஒரு நாள் மாலை போன் வந்தது.

"மேடம், நான் கேப்டன் தீபா. தனசிங் சார்கிட்ட நம்பர் வாங்கினேன். தேங்க்ஸ் சொல்லத்தான் கூப்பிட்டேன். ஆனா ஒண்ணு சொல்லணும், அன்னைக்கு உங்க மேல எனக்கு செம கோபம். எத்தனை பேர், எத்தனை பேர்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க."

"ஃபயர் சர்வீஸுக்குச் சொல்லணுமே, கேப்டன். எனக்கும் உங்க மேல கோபம்தான். முடியாதுன்னு எங்கிட்ட யாரும் அப்படிச் சொன்னதில்ல."

இருவரும் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் மீன் குழம்பு வைப்பேன், சாப்பிட வாங்க என்று ஞானஜோதி கூப்பிட்டாள். தீபா வந்தார். திரையில் பார்த்த புள்ளிக்குள் இவ்வளவு சின்ன உருவமா இருந்தது என்று ஞானஜோதிக்கு வியப்பாக இருந்தது.

"பயமா இல்லையாங்க?" என்று ஜெபகுமார் கேட்டார்.

"பறக்கும்போது இல்ல, சார். எல்லாரும் இறங்கினப்புறம் பஸ்ல உக்கார வச்சு, தண்ணி பாட்டில் குடுத்தாங்க. மூடியைத் திறக்க முடியல. கடைசில பக்கத்துல இருந்த பாசஞ்சர் ஒருத்தர்தான் வாங்கித் திறந்து குடுத்தார்."

ஞானஜோதி வஞ்சிர மீன் துண்டுகளில் நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து தீபாவின் தட்டில் வைத்தாள்.