மன்சூரின் கார்டை அடித்தவன்

"எல்லாரும் மேல வந்திட்டினம், மன்சூரைத்தான் காணேல்ல!" என்று போர்மன் இராசையா அண்ணை கத்தியபோது நான் அவரிடம் ஓடினேன்.

எழுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு படகு திருத்தும் வேர்க்‌ஷொப்பில் நான் டைம் கீப்பர். வேலைக்கு வருகிறவர் தன் கார்டை மெஷினில் செருகி அழுத்தினால் 'டிங்' என்று மணியடித்து நேரம் பதியும். நான் இருந்த காலத்தில் அந்த மெஷின் ஒரு நாளும் பிழை விட்டதில்லை. விட்டது நான்.

மன்சூர் கிண்ணியாக்காரன். துருச் சுரண்டுவதில் அவனைப்போல ஒருவன் இல்லை. ஆனால் அவன் பாதையில் கடந்து வரவேண்டும். ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கிற மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். அந்த மாதம் அதன் எஞ்சின் நினைத்தால் ஓடியது, நினைக்காவிட்டால் நின்றது. மூன்று தரம் பிந்தினால் வேலை போய்விடும். மூன்று பெண் பிள்ளைகளின் தகப்பன், பாவம் என்று, ஏழு மணிக்கு அவன் கார்டை நானே அடித்துவிடுவேன். அவனும் ஒப்பீஸ் பக்கம் தலை காட்டாமல் பின்பக்கப் படகுத்துறை ஜெற்றியால் நேரே வேலைக்குப் போய்விடுவான். மூன்று கிழமையில் அது எனக்குப் பல் விளக்குவது மாதிரிப் பழகிவிட்டது.

அன்றும் அடித்தேன். எட்டரை மணிபோல, கரையில் கட்டியிருந்த பார்ஜ் என்ற தட்டைப் படகில் வெல்டிங் பொறி விழுந்து, அடித்தட்டில் கிடந்த எண்ணெய்த் துணிகள் பற்றிக்கொண்டன. கீழே இறங்கும் வாய்த் துவாரத்தால் கரும்புகை குபுகுபுவென்று வந்தது. முந்தின நாள் மன்சூர் சுரண்டி முடிக்காத இடமும் அந்த அடித்தட்டுத்தான்.

இராசையா அண்ணை கார்டுகளைப் பார்த்து ஆட்களை எண்ணினார். ஒருவன் குறைந்தான். உடனே இடுப்பில் கயிற்றைக் கட்டத் தொடங்கினார். அவருக்கு ஐம்பது வயது, மூச்சிழுப்பு வருத்தமும் உண்டு.

"அண்ணை, நில்லுங்கோ. அந்தக் கார்டை அடிச்சது நான்."

"அப்ப அவன் வரேல்லையோ?"

"தெரியாது அண்ணை. வந்தாலும் என்ர கண்ணில படமாட்டான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "தெரியாதெண்டால் இறங்கத்தானே வேணும். கயிற்றைப் பிடியடா" என்றார். நனைத்த சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு இறங்கிவிட்டார்.

கயிறு என் கையில் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. கோணேசரையும் கூப்பிட்டேன், மன்சூருக்காக அல்லாவையும் கூப்பிட்டேன். கயிறு இரண்டு தரம் ஆடியதும் எல்லோருமாக இழுத்தோம். அண்ணை புகைக்கரி அப்பிய முகத்தோடு வந்து விழுந்து, இருமி இருமிச் சொன்னார்: "கீழ ஒருத்தனும் இல்லை."

நான் அப்படியே நிலத்தில் குந்தியிருந்து அழுதேன்.

ஒன்பது மணிக்கு மன்சூர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். "என்ன அண்ணன், எல்லாரும் வெளிய நிக்கிறீங்க? பாதை நடுவில நிண்டுட்டு!" இராசையா அண்ணை அவனைக் கட்டிப்பிடித்து, உடனே முதுகில் ஒன்று போட்டார். "நாசமாப் போனவனே, பிந்தி வந்ததுக்கு உனக்குக் கோடி புண்ணியம்!"

பின்னேரம் எஞ்சினியர் கூப்பிட்டார். நல்ல மனிதர். "மெஷின் பழுதெண்டு ரிப்போட் எழுதவோ? நீரும் தப்புவீர்."

ஒரு கணம் ஆசைப்பட்டேன். "இல்லை ஐயா. அது சரியாத்தான் அடிச்சது. ஆர் அடிக்கிறான் எண்டு அதுக்கென்ன தெரியும்?"

"நீர் ஏன் அடிச்சனீர்?"

"பாவம் எண்டுதான்."

"பாவம் எண்டால் என்னட்டை வந்து சொல்லியிருக்கலாமே. பாதை சரிவரும்வரை எட்டு மணி எண்டு போட்டிருப்பன்."

மூன்று கிழமையாக அப்படி ஒரு வழி இருப்பது என் மூளைக்கு எட்டவேயில்லை. இரண்டு கிழமை என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அதோடு விட்டது பெரிய காரியம்.

மெஷினுக்கு இரக்கமில்லை, அதனால் பிழையும் இல்லை. எனக்கு இரக்கம் இருந்தது; வாயைத் திறந்து கேட்கத்தான் தோன்றவில்லை. பிழை அங்கேதான் நடந்தது. இளம் பிள்ளைகளே, இரக்கப்படுங்கள், ஆனால் மற்றவன் கார்டில் கை வைக்காதீர்கள்.

நான் திரும்பிப் போன அன்று மன்சூர், எஞ்சினியர் அவனுக்குப் போட்டுக் கொடுத்த எட்டு மணிக்கு என் முன்னால் வந்து, தன் கார்டைத் தானே செருகினான். 'டிங்'. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, அவனுடைய மணி கேட்காமல் எனக்குக் காலைத் தேத்தண்ணி இறங்கியதில்லை.