சுரங்கக்காரத் தகப்பனின் கட்சி

லண்டன் ஹவுன்ஸ்லோவிலிருந்து பஸ் பிடித்துப் போய் விமான நிலையத்தில் என்னோடு தரை துடைத்தவர் அவர். ஒட்டிய கன்னம், தூங்காத கண். களைத்தால் மொப் பிடியில் நாடியை ஊன்றிக்கொண்டு கதை சொல்வார். முன்பு ஜெர்மனியில், புராட்டஸ்டன்ட் வழியைத் தொடங்கிய சாமியார் வளர்ந்த வீட்டைத் துடைத்தவராம். அது இப்போது மியூசியம். எட்டாம் வகுப்பிலேயே பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். அந்தச் சரித்திரமெல்லாம் அவர் வாயால் கேட்டதுதான்.

“அந்தச் சாமியாரின்ரை தகப்பன் செம்புச் சுரங்கத்திலை மாஞ்சு மாஞ்சு உழைச்சு, மகனைச் சட்டம் படிக்க விட்டவர். அவன் இடிக்குப் பயந்து துறவியாப் போறன் எண்டு நேர்ந்திட்டான்.”

அவர் எப்போதும் அந்தத் தகப்பன் கட்சிதான். காரணம் உண்டு. அவருடைய மகனும் சட்டத்தை விட்டுப் போதகராகிறான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் குருப்பட்டம் கொடுக்கிறார்கள். இந்தச் சைவத் தகப்பன் போகமாட்டாராம்.

“அந்தத் தகப்பன் மகன்ரை முதல் பூசைக்குப் போனவரோ, அண்ணை?”

“போனவர். சாப்பாட்டு மேசையிலை எல்லாருக்கும் முன்னாலை ஏசினவர்.”

“அப்ப நீங்களும் போய் ஏசுங்கோவன்! உங்கடை ஷிப்டை நான் செய்யிறன். வீட்டிலை இருந்தா மனுசி என்னைத்தான் ஏசுவா.”

“விசரன்,” என்றார். ஆனால் போனார்.

திங்கட்கிழமை கேட்டேன். “ஏசினீங்களோ?”

“ஏலாமப் போச்சு. வரமாட்டன் எண்டு சொன்ன பிறகும், முன் வரிசையிலை எனக்கொரு கதிரையை வெறுமையா வைச்சிருந்தவன்.”

சொல்லிவிட்டு, நான் துடைத்து முடித்த இடத்தையே மறுபடி துடைத்தார். என் வேலை அவ்வளவு மோசமா, அவருக்குக் கண் தெரியவில்லையா, இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.