நூல்வாயர் தைத்த பொத்தான்

என் அண்ணனை எங்கள் தெருவில் நூல்வாயர் என்றுதான் சொல்வார்கள். பழைய துணிகளைச் சரிசெய்து கொடுக்கிற கடை எங்களுடையது. ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, பொத்தான் வைப்பது, அவ்வளவுதான். டப்பாவில் பொருத்தமான பொத்தானைத் தேடி, தூசியை ஊதி எடுத்துக் கொடுப்பது நான். அண்ணன் நூலை நாக்கில் நனைத்து ஊசியில் கோர்ப்பார். பொத்தானின் கழுத்தில் நாலு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, குனிந்து பல்லால் கடித்து அறுப்பார். உதட்டோரம் எப்போதும் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருக்கும். "உங்கண்ணன் தன் வாயையும் தைச்சுக்கிட்டாரா?" என்று துணி கொண்டுவருகிறவர்கள் கேட்பார்கள். அவர் சிரிப்பார். அப்போதும் அந்த நூல் விழாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பகுதியில் ஒரு சிறுமி காணாமல் போனாள். ஆண்கள் எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லி, கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தார்கள். கட்டாயம் இல்லை என்றுதான் சொன்னார்கள். அண்ணன் போகத் தயங்கினார். நான்தான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினேன்.

"எச்சில்தானேண்ணா, ரத்தமா கேக்குறாங்க? அந்தப் புள்ளைக்காகக் குடுத்துட்டு வா."

சிறுமி நல்லபடியாகக் கிடைத்துவிட்டாள். கடவுளுக்கு நன்றி சொன்னேன். எடுத்த எச்சில் என்ன ஆனது என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

போன மழைக்காலத்தில் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். மூன்று தெரு தள்ளித் தனியாக இருந்த கடிகாரம் பழுதுபார்க்கிற பெரியவரை யாரோ அடித்துக் கொன்றுவிட்டார்கள். அவருடைய மூடிய கைக்குள் ஒரு கோட்டுப் பொத்தான் இருந்ததாம், அறுந்த நூலோடு. அதில் ஒட்டியிருந்த எச்சில் தடத்தைச் சோதித்துக் கம்ப்யூட்டரில் போட்டதும், சேமித்து வைத்திருந்த லட்சக்கணக்கான பேரில் என் அண்ணன் பெயர் வந்து நின்றிருக்கிறது.

அண்ணனை அழைத்துக்கொண்டு போனார்கள். நான் பின்னாலேயே ஸ்டேஷனுக்கு ஓடினேன். இன்ஸ்பெக்டர் கோபமாகக்கூடப் பேசவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"பத்துக் கோடியில ஒருத்தருக்குத்தாம்மா இப்படிப் பொருந்தும். மனுஷன் பொய் சொல்லுவான், மிஷின் சொல்லாது."

கொலை நடந்த சாயங்காலம் அண்ணன் கடையில் தனியாகத்தான் இருந்தார். நான் பிரார்த்தனைக்குப் போயிருந்தேன். போகாமல் இருந்திருந்தால் சாட்சி சொல்லியிருப்பேனே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக, கும்பிடப் போனதற்கு வருத்தப்பட்டேன். பிறகு அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன்.

ஒரே வாரத்தில் கடை காலியானது. பாதி தைத்ததைப் பாதியோடு வாங்கிக்கொண்டு போனார்கள். இருபது வருஷமாக எங்களிடமே வந்துகொண்டிருந்த ரொட்டிக் கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் தன் சட்டையை மட்டும் இழுத்தார். பொத்தான் வைக்கவில்லையே என்றேன். பரவாயில்லை என்றார்.

எங்களுக்குக் கிடைத்த வக்கீலம்மா நல்லவர். ஆனால் அவரே கையை விரித்தார். "உங்கண்ணன் ஒத்துக்கிட்டாரேம்மா. பொத்தானோட போட்டோவைக் காட்டி இது உன்னோடதான்னு கேட்டிருக்காங்க. ஆமா, என்னோடதுதான்னு கையெழுத்தே போட்டிருக்காரு."

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அண்ணனைப் பார்க்கச் சிறைக்குப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். உதட்டில் நூல் இல்லாமல் அவர் முகம் யாரோ மாதிரி இருந்தது. வாய் மட்டும் இல்லாத நூலை மென்றுகொண்டிருந்தது.

"பத்துக் கோடிங்குறாங்க," என்றார். "நானே போய்ச் செஞ்சுட்டு மறந்துட்டேனோன்னு தோணுது தங்கச்சி."

எனக்கு உயிரே போய்விட்டது. "பின்ன ஏண்ணா அந்தப் பொத்தானை உன்னோடதுன்னு சொன்ன?"

"என்னோடதுதானே. நாலு சுத்து, பக்கத்துல முடிச்சு. என் கைய எனக்குத் தெரியாதா?"

அப்போதுதான் விளங்கியது. எங்கள் கடையில் ஒரு துணியைத் தூக்கி இது யாருடையது என்று கேட்டால், யார் தைத்தது என்று அர்த்தம். ஜிப் என்றால் என்னுடையது, பொத்தான் என்றால் அவருடையது. போலீஸ்காரர் சொந்தக்காரன் யார் என்று கேட்டார். இவர் தையலைச் சொல்லிவிட்டார்.

கொலைகாரன் எங்கள் கடைக்கு வந்திருக்கிறான். கோட்டைக் கொடுத்து வாங்கிப் போயிருக்கிறான். யார் அவன்? துணியில் ஒரு சீட்டைக் குத்துவோம், 'நெட்டை', 'உடைந்த குடை' என்று அடையாளம் எழுதி. வாங்கிப் போனதும் சீட்டு குப்பைக்குப் போய்விடும். குப்பைக்கூடையைக் கவிழ்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். போன வாரத்துச் சீட்டுகூட அதில் இல்லை.

வக்கீலம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எச்சில் யாருடையது என்றுதான் மிஷின் சொல்லும், அது எப்படி அங்கே வந்தது என்று அதற்குத் தெரியாது என்றார். ஆனால் நம் வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், அண்ணன் பொத்தான் வைத்துக் கொடுத்த வேறு கோட்டுகள் வேண்டும் என்றார்.

வீடு வீடாகப் போனேன். "கொலைக் கேஸ்ல எங்க கோட்டையும் சேர்க்கப் பாக்குறியா?" என்று ஒரு அம்மா கதவைச் சாத்தினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் சாத்தியிருப்பேன். பதினோரு நாளில் மூன்று கோட்டு கிடைத்தது. மூன்றாவது ரொட்டிக் கடைக்காரருடையது. அப்போதும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் தானே மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தார்.

கோர்ட்டு உத்தரவு போட்டு மூன்றையும் சோதித்தார்கள். மூன்று பொத்தானிலும் அண்ணன் எச்சில் இருந்தது. அண்ணனை ஜாமீனில் விட்டார்கள். கேஸ் இன்னும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்தவர் ஊசியைத் தொடவில்லை. ஒருநாள் பழக்க தோஷத்தில் நூலை வாய்வரை கொண்டுபோய்விட்டு, சுட்டதுபோலக் கீழே போட்டார்.

பிறகு ஆய்வுக்கூடத்திலிருந்து இன்னொரு சேதி வந்தது. செத்தவர் கையிலிருந்த பொத்தானில் அண்ணனுடையது தவிர இன்னொருவருடைய தடமும் கொஞ்சம் இருக்கிறதாம். கம்ப்யூட்டரில் அதற்குப் பெயர் இல்லை. அது நான் ஊதிய தூசியோடு போன என் எச்சிலாக இருந்தால், பொத்தான் எங்கள் கடையிலிருந்து போனது உறுதியாகும் என்றார் வக்கீலம்மா. இல்லையென்றால் அது அந்தக் கோட்டுக்காரனுடையதாக இருக்கலாம். எப்படியும் அண்ணனுக்கு நல்லது. "ஆனா ஒருதடவை குடுத்தா உங்களோடதும் அங்கயே இருக்கும். யோசிச்சுக்குங்க," என்றார்.

நேற்றுக் காலை கையுறை போட்ட ஒரு பெண் வந்து பஞ்சுக் குச்சியின் உறையைப் பிரித்தாள். "எச்சில்தாம்மா, வலிக்காது," என்றாள்.

அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "வேண்டாம். நம்ம வீட்டுல ஒருத்தன் எச்சில் அவங்ககிட்ட இருக்கிறது போதும்."

"அன்னைக்கு உன்னைக் குடுக்கச் சொன்னவ நான்தானேண்ணா," என்றேன்.

வாயைத் திறந்தேன். குச்சி கன்னத்தில் தடவும்போது கடவுள் பெயரைச் சொல்லப் பார்த்தேன். வாய் திறந்தே இருந்ததால் மனதுக்குள்தான் சொல்ல முடிந்தது.