பழுக்காத மாதுளைக்கு விழா

மன்னூபியாவுக்குக் கோபம் வந்தால் முதலில் கழுத்தில்தான் தெரியும். காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் சிவப்பு ஏறும். ஐன் தரீஃபா சந்தையில் அவளைத் தெரிந்தவர்கள் கழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். விழாக் குழுச் செயலாளர் ஷாத்லி அன்றைக்குப் பார்க்கவில்லை. நகராட்சிக் கூடத்தில் நின்றுகொண்டு கையிலிருந்த காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

"மாதுளைத் திருவிழா இந்த வருஷம் அக்டோபர் ரெண்டு, மூணு, நாலு. வியாழன் சந்தையோட ஆரம்பம்."

"இது மரத்துக்குத் தெரியுமா?" என்றாள் மன்னூபியா.

கூடத்தில் சிரித்தார்கள். ஷாத்லியும் சிரித்தான்.

"காலா, ஆளுநருக்கு அந்தத் தேதிதான் தோதுப்படுது. டிவிக்காரங்களும் அப்பத்தான் வர்றாங்க. நான் என்ன செய்ய?"

காலா என்றால் தாயின் உடன்பிறந்தவள். அவன் சின்ன வயதிலிருந்து அவளை அப்படித்தான் கூப்பிடுகிறான். அவன் அம்மா இருபது வருஷமாக அவளிடம் மட்டுமே பழம் வாங்குகிறாள்.

"ஆளுநர் வந்தா பழுத்துடுமா? அந்தத் தேதிக்கப்புறமும் மூணு வாரம் கிடக்கு. எப்பவும் மாசக் கடைசியிலதானேடா வெப்பீங்க?"

"கொஞ்சம் முன்னாடி பறிச்சா குடியா முழுகிடும்? இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி. தோல் சிவந்துடுச்சு. படத்துல தோல்தான காலா விழும்?"

"உன் வீட்டுல கூஸ்கூஸ் வேகறதுக்கு முன்னாடியே தட்டுல கொட்டிட்டு, பாக்க நல்லா இருக்கு, சாப்பிடுன்னு சொல்வாங்களா?"

இதற்கும் சிரித்தார்கள். முட்டை விற்கும் சாதியா தலைத்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மாதுளை விற்கிறவர்களில் மன்னூபியாவைத் தவிர ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவளுக்கு அடுத்த இடத்தில் உட்காரும் ஹம்தா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஷாத்லி காகிதத்தைத் திருப்பினான். சந்தையில் இனிமேல் எல்லா இடத்துக்கும் எண் போடப்படும். விழாவின் மூன்று நாளும் சரக்கோடு உட்காருகிறவர்களுக்கு அவரவர் பழைய இடம், எண்ணோடு, வருஷம் முழுக்க. வராதவர்களின் இடம் கேட்கிறவர்களுக்குப் போய்விடும்.

அப்போதுதான் அவன் நிமிர்ந்து அவள் கழுத்தைப் பார்த்தான். பார்த்ததும் காகிதத்தை மடித்துக்கொண்டு பின்கதவு வழியாகப் போய்விட்டான்.

அவளுடைய இடம் பள்ளிவாசல் சுவரை ஒட்டியது. குழாயிலிருந்து ஏழாவது. பத்து மணி வரை வெயில் விழாது. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்பு, கட்டட வேலைக்குத் தலைநகருக்குப் போன அவள் கணவன் அல்லாலா இடுப்பெலும்பு உடைந்து திரும்பி வந்தபோது, பழத்தைச் சந்தைக்குக் கொண்டுபோக வீட்டில் வேறு ஆள் இல்லை. சுவர் வரிசை அந்நாளில் ஆண்களின் வரிசை. முதல் வாரமே ஒரு வெங்காய வியாபாரி அவள் விரித்திருந்த பாயின் மேலேயே மூட்டையை இறக்கிவிட்டு, "பொம்பளைங்க வரிசை அந்தப் பக்கம், கோழி கிட்ட" என்றான். அவள் மூட்டையின் வாயை அவிழ்த்தாள். வெங்காயம் முழுவதையும் தெருச்சரிவில் கொட்டினாள். அது உருண்டு மசூதிப் படிவரைக்கும் போயிற்று. வெறும் சாக்கை மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டுப் பாயை உதறி மறுபடி விரித்தாள். அந்த வெங்காய வியாபாரியின் மூத்த மகன்தான் ஹம்தா. அன்றைக்கு அவனுக்கு எட்டு வயது. வெங்காயம் பொறுக்கியவர்களில் அவனும் ஒருவன்.

அந்த இடத்தில் உட்கார்ந்துதான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தாள். மூத்தவளைப் பெற்ற பதினெட்டாம் நாள் அங்கே வந்து உட்கார்ந்தாள். ஒரு முறை அங்கிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டும் போயிருக்கிறாள்.

ஐன் தரீஃபாவில் மாதுளை விற்கிறவர் அன்றைய முதல் வாடிக்கையாளர் முன்னால் ஒரு பழத்தைத் திறந்தாக வேண்டும். எந்தப் பழம் என்று வாங்க வந்தவர்தான் கைகாட்டுவார். மகுடத்தைச் சுற்றிக் கத்தியால் கீறி, கட்டைவிரல் இரண்டையும் நுழைத்துப் பிளப்பார்கள். முத்து சிவந்திருந்தால் அந்தப் பாதியைக் குவியலின் மேல் வாங்குகிறவரைப் பார்த்து வைத்துவிட்டு வியாபாரம் தொடங்கும். வெளுத்திருந்தால் வாதம் கிடையாது. இன்னொரு பழத்தைத் திறக்கிறேன் என்ற பேச்சு கிடையாது. பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். அடுத்த வியாழன் வரலாம். யாரும் குத்திக் காட்ட மாட்டார்கள்.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்த வருஷம் அவளுக்கு ஒரு பழம் வெளுத்துப் போயிற்று. ஆறு கிலோமீட்டர் கழுதை வண்டியில் வந்தவள் ஒரு வார்த்தை பேசாமல் சுருட்டிக்கொண்டு போனாள். அன்று இரவு வரை அல்லாலாவோடும் பேசவில்லை. குற்றம் அவளுடையதுதான். கீழ்வரிசை மரங்களை ஒரு வாரம் அவசரப்பட்டுப் பறித்திருந்தாள்.

இப்போது ஒரு வாரம் அல்ல, மூன்று வாரம்.

செப்டம்பர் கடைசியில் அவள் தோட்டத்துக்குள் கூடையோடு இறங்கினாள். அல்லாலா வரப்பில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"வேணாம்னா விட்டுடேன். இடம் போனா போகட்டும். பிக்கப் வண்டி வியாபாரி வந்து தோட்டத்துலயே எடுத்துக்கறேங்கிறான்."

"அவன் எடுத்துட்டுப் போயி எந்த ஊர்ப் பழம்னு சொல்லி விப்பான்?"

"எதைச் சொன்னா என்ன?"

"நீ பேசாத. உனக்கு இடுப்புதான் உடைஞ்சுதுன்னு இத்தனை நாள் நினைச்சுட்டிருந்தேன்."

அல்லாலா வீட்டுக்குத் திரும்பி நடந்தான். சொன்னதற்காக அவள் வருத்தப்படவில்லை. பழம் கையோடு வரவில்லை. பழுத்தது என்றால் திருகினதும் காம்பு முறியும். இது கிளையையும் இழுத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொன்றையும் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டியிருந்தது. வெட்டும்போதெல்லாம் ஷாத்லியைத் திட்டினாள், ஆளுநரைத் திட்டினாள், ஹம்தாவைத் திட்டினாள். பாதிக் கூடை நிறைந்ததும் திட்டு தீர்ந்துபோயிற்று. அதற்குப் பிறகு வெட்டியது தன் கைதான் என்று தெரிந்தது. அது இன்னும் கோபமூட்டியது.

விழாவன்று சந்தையை அடையாளம் தெரியவில்லை. வெள்ளைக் கூடாரங்கள், கொடிகள், ஒலிபெருக்கியில் ஒரே பாட்டு திரும்பத் திரும்ப. தரையில் சுண்ணாம்பால் எண் எழுதியிருந்தார்கள். பள்ளிவாசல் சுவரோரம் அவள் இடத்தில் பதினான்கு. அவள் பாயை அந்த எண்ணின் மேல் விரித்து, பழத்தைக் குவித்து உட்கார்ந்தாள்.

"கிராமத்து உடுப்பு போட்டுட்டு வரச் சொன்னாங்களே, போடலியா?" என்றாள் எதிர் வரிசையிலிருந்து சாதியா. அவள் தலையில் வெள்ளிச் சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது.

"நீ போட்டிருக்கியே, அது போதும். கோழி முட்டை போட மறந்துடும்."

"போடி. எம்மருமக இரவல் குடுத்தது. நான் சினிமாக்காரி மாதிரி இருக்கேனாம்."

ஒன்பது மணிக்கு ஷாத்லி வேர்க்க வேர்க்க ஓடிவந்தான். அவன் கையில் ஒரு பை. அதிலிருந்து ஒரு மாதுளையை எடுத்து அவள் குவியலின் உச்சியில் வைத்தான். தெற்கே எங்கோ, சீக்கிரம் காய்க்கிற ஊரின் பழம். பெரிது, மெழுகு பூசினது போலப் பளபளத்தது.

"காலா, ஆளுநர் முதல்ல உங்ககிட்டதான் வர்றார். மூத்தவங்கன்னு நான்தான் சொல்லி வெச்சேன். திறக்கறதை டிவியில எடுப்பாங்க. இதைத் திறங்க. உள்ள ரத்தம் மாதிரி இருக்கும். நான் ஒண்ணு அறுத்துப் பாத்துட்டேன்."

"எங்கேருந்து வாங்கின?"

"எங்கேருந்தா என்ன?"

"ஷாத்லி. உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

அவன் பதில் சொல்வதற்குள் கூட்டம் வந்துவிட்டது. முன்னால் காமிரா, நடுவில் ஆளுநர், சுற்றிலும் கோட்டுக்காரர்கள். ஆளுநர் நல்லமாதிரியான மனிதர். குனிந்து, "எப்படிம்மா இருக்கீங்க? விளைச்சல் எப்படி?" என்று கேட்டார்.

"இன்னும் விளையல" என்றாள்.

அவர் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். ஷாத்லி, "ஐயா, எங்க ஊர் வழக்கம், ஒரு பழத்தைத் திறந்து காட்டுவாங்க" என்று உச்சிப் பழத்தைச் சுட்டினான்.

மன்னூபியா அந்தப் பழத்தை எடுத்தாள். எழுந்து நின்று ஷாத்லியின் கையில் வைத்து அவன் விரல்களை அதன் மேல் மடக்கினாள்.

"இது உன்னுது. என் மரத்துல காய்க்கல." பிறகு ஆளுநரைப் பார்த்தாள். "வாங்க வந்தவங்கதான் கைகாட்டணும் ஐயா. நீங்க காட்டுங்க."

ஆளுநர் விளையாட்டுப் போல விரலைச் சுழற்றி, ஓரத்தில் இருந்த ஒன்றைக் காட்டினார். அவள் கீறினாள். தோல் ஈரமாக இருந்தது, கத்தி சிக்கியது. கட்டைவிரலை நுழைத்து முழு பலத்தோடு பிளக்க வேண்டியிருந்தது.

உள்ளே முத்து முழுக்க வெளுத்திருந்தது. பால் பல் மாதிரி.

காமிராக்காரன் ஷாத்லியைப் பார்த்தான். ஷாத்லி, "இன்னொண்ணு, இன்னொண்ணு திறங்க காலா" என்றான்.

"எது திறந்தாலும் இதேதான். எல்லாத்தையும் நான்தான் வெட்டினேன்."

வெளுத்த பழத்தைக் கூடையில் போட்டாள். குவியலை அள்ளிக் கூடையில் கொட்டினாள். பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"ஏம்மா கிளம்பறீங்க?" என்றார் ஆளுநர்.

"வெளுத்திருந்தா பாயைச் சுருட்டணும் ஐயா. எங்க ஊரு சட்டம்" என்றாள் சாதியா எதிரிலிருந்து. வெள்ளிச் சங்கிலியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள்.

"அப்படியா? அப்ப இவருக்கு?" ஆளுநர் விரலை ஹம்தாவின் குவியல் பக்கம் திருப்பினார். ஹம்தா இரண்டு கையையும் விரித்துக் குவியலின் மேல் வைத்துக்கொண்டான், கோழி குஞ்சுகளை மூடுவது போல. ஷாத்லி ஆளுநரின் முழங்கையைப் பிடித்து, "ஐயா, பிள்ளைங்க ஆட்டம் தொடங்கப் போகுது" என்று மேடைப் பக்கம் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

மன்னூபியா மாதுளை வரிசை நெடுகப் பார்த்தாள். இருபத்தாறு குவியல். இருபத்தாறு பேருக்கும் தெரியும். ஒருவரும் நிமிரவில்லை.

"திறங்கடா ஒண்ணு!" என்று கத்தினாள். "யாராவது ஒருத்தன் திறங்க! உங்க அப்பனுங்க இதுக்காடா சுருட்டிட்டுப் போனானுங்க?"

யாரும் திறக்கவில்லை.

அடுத்த வியாழன் அவள் வந்தாள். கூடை இல்லை, பாய் மட்டும். பதினான்காம் எண்ணின் மேல் அதை விரித்து நடுவில் உட்கார்ந்தாள். காவலாளி மப்ரூக் சுற்றிச் சுற்றி வந்து, மரியாதைக்கு லல்லா போட்டுக் கூப்பிட்டான்.

"லல்லா மன்னூபியா, என்ன விக்கிறீங்க?"

"ஒண்ணும் விக்கல."

"அப்ப எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

"இன்னும் பழுக்கல. அதுக்கு."

"இந்த இடத்தை ஹம்தாவோட தம்பிக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. அடுத்த வாரம் சரக்கு இறக்கப் போறான். எனக்கு வம்பு வெக்காதீங்க."

"இறக்கட்டும்."

பகல் முழுக்க வெறும் பாயில் உட்கார்ந்திருந்தாள். வெயில் வந்தபோது தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். வாங்க வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டு, பக்கத்திலும் வாங்காமல் நகர்ந்தார்கள். அது ஹம்தாவுக்கு எரிச்சலாக இருந்தது.

"காலா, உங்களைப் பாத்துட்டு எங்கிட்டயும் ஒருத்தரும் வர மாட்டேங்கிறாங்க."

"ஒண்ணைத் திற. வருவாங்க."

அவன் திறக்கவில்லை.

பதினாறாம் தேதியும் அதே வெறும் பாய். பத்து மணி வாக்கில் ஹம்தாவின் தம்பி பிக்கப்பில் வெங்காயத்தோடு வந்தான். மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பாயின் விளிம்புவரை வந்து நின்றான். அவள் அண்ணாந்து பார்த்தாள். கழுத்து சிவந்திருந்தது.

ஹம்தா எழுந்து போய்த் தம்பியின் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

"அங்க இறக்காத."

"ஏன்? நம்பர் என் பேருல இருக்கு."

"இறக்காதன்னா இறக்காத. நம்ம அப்பா ஒரு தடவை இறக்கினார். அன்னிக்கு மசூதிப் படிவரைக்கும் நான்தான் பொறுக்கினேன்."

தம்பி மூட்டையை வண்டிக்கே கொண்டுபோனான். ஷாத்லிக்கு யாரோ போன் செய்தார்கள். அவன் வரவில்லை.

இருபத்து மூன்றாம் தேதி அவள் கூடையோடு வந்தாள். மேல்வரிசை மரங்கள் மட்டும் பழுத்திருந்தன. காம்பு திருகினதும் முறிந்திருந்தது. கீழ்வரிசைக் கிளைகளில் கத்தரிக்கோல் வெட்டிய இடங்கள் காய்ந்து கறுத்துக் கிடந்ததை அவள் காலையில்தான் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

முதலில் வந்தவள் ஷாத்லியின் அம்மா. குவியலின் அடியில் இருந்த ஒன்றைக் கைகாட்டினாள். மன்னூபியா அதை உருவி எடுத்துக் கீறிப் பிளந்தாள். முத்து கறுப்பு கலந்த சிவப்பில் நெருக்கியடித்து நின்றது. சாறு மணிக்கட்டு வரை வழிந்தது.

அந்தப் பாதியை வாங்குகிறவரைப் பார்த்து வைக்க வேண்டும். மன்னூபியா அதைக் குவியலின் மேல், சந்தைக்கு அந்தப் பக்கம் தெரிகிற நகராட்சிக் கட்டடத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தாள்.

"எனக்கு ரெண்டு கிலோ போடு" என்றாள் ஷாத்லியின் அம்மா.

"உன் மகனுக்கு இதுல ஒண்ணுகூடக் குடுக்காத."

"குடுக்கல."

"சத்தியமா?"

"போடுடி."