ராட்சசனுக்குத் தமிழ் எப்படித் தெரியும்?

என் சித்தப்பா சரியான புளுகர் என்பதை ஐந்தாம் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிட்டேன். தினமும் காலையில் ஸ்கூட்டரில் என்னைப் பள்ளிக்கூடத்தில் விடும் வழியில் ஒரு ராஜகுமாரன் கதையைத் தொடராகச் சொல்லி வந்தார். ராஜகுமாரன் ஏழு கடல் தாண்டி ஒரு தீவில் இறங்குவான். இறங்கியதுமே ராட்சசன் வந்து, யாரடா நீ என்பான். இவனும் நின்று நிதானமாகப் பதில் சொல்வான். அதெப்படி? மேட்டூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பதினோரு வருடம் ஆகியும், பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கேட்பதற்குக்கூட அம்மா என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவாள். ஏழு கடலுக்கு அப்பால் கிடக்கிற ராட்சசனுக்குத் தமிழ் யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

கேட்டதற்கு, ராஜகுமாரனின் தோளில் ஒரு கிளி இருந்தது, அதற்கு இரண்டு பாஷையும் தெரியும் என்றார். நேற்றுவரை அந்தக் கிளி கிடையாது. சரி, கிளி உள்ளதை உள்ளபடி சொல்கிறது என்பதற்கு என்ன சாட்சி என்றேன். சிக்னல் விழுந்துவிட்டது என்று சித்தப்பா வண்டியை முறுக்கினார்.

எனக்குக் கிளியின் மேல் சந்தேகம் வரக் காரணம் இருந்தது. வீட்டில் அந்த வேலையை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், யோக்கியமாகப் பார்க்கவில்லை.

சித்தப்பா கார்மெண்ட்ஸ் கம்பெனியில் மெக்கானிக். அங்கே தையல் மெஷினில் இருந்த நஞ்சன்கூட்டுப் பெண்ணைக் காதலித்துக் கல்யாணம் செய்து, எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தார். சித்திக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குக் கன்னடம் தெரியாது. அப்பாவும் சித்தப்பாவும் கன்னட எல்லைக்குள் இருக்கும் ராமாபுரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், இரண்டும் தெரியும்; ஆனால் காலையில் போனால் இருட்டித்தான் வருவார்கள். அடுப்படியில் அந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் நான்தான்.

சித்தி முதன்முதலாக வைத்த சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தாள். அவர்கள் வீட்டு வழக்கம் அது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "இது சாம்பாரா பாயசமான்னு கேளு கண்ணு" என்றாள். நான் கன்னடத்தில், அம்மாவுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறதாம் என்றேன். சித்தி தலையை மட்டும் ஆட்டினாள். மறுநாள் சாம்பாரில் வெல்லத்தைக் காணோம்.

பிடித்திருக்கிறது என்று சொன்னால் யாராவது நிறுத்துவார்களா? அடுத்த வாரம் சித்தி, அக்கா வைக்கிற டிவி சத்தத்தில் தலை வலிக்கிறது என்றாள். நான் அம்மாவிடம், நீ பார்க்கிற சீரியல் சித்திக்கும் பிடிக்குதாம் என்று சொல்லிவைத்தேன். அன்று சாயங்காலம் அம்மா சத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் பார்த்தாள்.

யாரோ போட்டுக்கொடுக்கிறார்கள் என்பது உறுதியாகிவிட்டது. அப்பா சோறு கேட்பதற்கே வாய் திறக்க யோசிப்பவர். ஆக, சித்தப்பாதான். அந்த நேரங்களில் அவர் வீட்டிலேயே இல்லை என்பதை நான் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. ஆனாலும் சித்தியையும் ஒருமுறை சோதித்தேன். அவள் பாத்திரம் கழுவும்போது பின்னால் நின்று, "சித்தி, காலுக்குப் பக்கத்துல தேளு!" என்று தமிழில் கத்தினேன். அவள் அசையவே இல்லை. பின்னால் ஒருத்தி அப்படிக் கத்தினால் பாஷை தெரியாதவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. பாவம், தெரியாது என்று நம்பிவிட்டேன்.

உள்ளுக்குள் எனக்குப் பயம்தான். சித்தி எனக்கு இரட்டைச் சடை பின்னிவிடுவாள், கணக்குச் சொல்லித்தருவாள். அம்மா இதுவரை சொன்னதெல்லாம் முழுசாக அவள் காதுக்குப் போனால் ஒருநாள்கூட எங்கள் வீட்டில் இருக்கமாட்டாள்.

தசரா விடுமுறையில் அது நடந்தது. கம்பெனியில் திரும்பக் கூப்பிடுகிறார்கள், திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறேன் என்று அக்காவிடம் சொல் என்றாள் சித்தி. அதில் மாற்ற ஒன்றும் இல்லாததால் அப்படியே சொன்னேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"வீட்டு வேலைக்குப் பயந்துக்கிட்டு ஓடறா. போறதா இருந்தா பொட்டியத் தூக்கிக்கிட்டு ஒரேடியாப் போகச் சொல்லு. இதையாவது மாத்தாமச் சொல்லு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் மாற்றுவது அம்மாவுக்கு எப்படித் தெரியும்? சித்தப்பா அதையுமா சொல்லியிருக்கிறார்? தேங்காய் துருவிக்கொண்டிருந்த சித்தியின் கை நின்றுபோயிருந்தது. தலை நிமிரவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, தாராளமாகப் போய்விட்டு வரச் சொல்கிறாள், இருட்டுவதற்குள் வந்துவிடு என்கிறாள் என்று கன்னடத்தில் சொல்லிமுடித்தேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகப் பெரிய பொய் அதுதான்.

சித்தி என்னை வெகுநேரம் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. பிறகு என்னை விட்டுவிட்டு அம்மாவையே நேராகப் பார்த்து, கன்னடத்தில், காலைச் சமையலை முடித்துவிட்டுத்தான் போவேன் அக்கா, இருட்டுவதற்குள் வந்துவிடுவேன் என்றாள்.

நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் அம்மா எழுந்து, பரணிலிருந்து இரண்டடுக்கு டிபன் கேரியரை இறக்கி, தூசி தட்டிக் குழாயடியில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். நன்றாகத் தேய்த்து முடித்த பிறகுதான், முதுகைக் காட்டிக்கொண்டே, "என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

சொன்னேன். "ம்" என்றாள்.

திங்கட்கிழமை சித்தி அந்தக் கேரியரோடு கம்பெனி வேனில் ஏறிப் போனாள். விடுமுறை முடிந்த அன்று ஸ்கூட்டரில் ஏறியதும் நான் சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

"நெசத்தைச் சொல்லுங்க. எல்லாத்தையும் போட்டுக்கொடுத்தது நீங்கதானே?"

அவர் சிரித்துவிட்டு, கதையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். ராட்சசனுக்கு ஆரம்பத்திலிருந்தே தமிழ் தெரியுமாம்.

"அப்புறம் கிளி எதுக்கு?"

"நேராப் பேசினா சண்டை வந்துருமே. கிளி சொன்னா ரெண்டு பேரும் கேட்டுக்கலாம்."

கிளி பொய் சொல்வது அவர்களுக்குத் தெரியாதா என்றேன். "அதுக்குத்தானே கிளியை வெச்சிருக்காங்க" என்றார்.

அவர் அதுவரை விட்ட புளுகுகளிலேயே பெரியது இதுதான் என்று எனக்குப் பட்டது.