அக்கா பூட்டிய வகுப்பறை

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. பள்ளியில் நடந்த அந்தச் சம்பவத்தைப் பற்றி உறவினர்களான உங்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். கூடவே இருந்த தங்கை என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கண்டாச்சிபுரத்தில் கூலி வேலை செய்த பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. சுவர் விளம்பரம் எழுதுபவரிடம் வேலைக்குப் போய்க்கொண்டே ஓவியத் தேர்வுகளை எழுதி முடித்தார். திண்டிவனம் பக்கத்தில் ஒரு பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியை ஆனார். விழுப்புரத்தில் எங்களோடு இருந்து, பஸ்ஸில் போய்வந்தார். கரும்பலகையில் மயில் வரைந்து அதைப் பார்த்துப் போடச் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. "உன் கண்ணுக்குத் தெரியுறதப் போடு" என்பார்.

ஒரு மழைக்காலத்தில் மூன்றாம் வகுப்பில் பிள்ளைகளைப் பெஞ்சுகளிலேயே மல்லாக்கப் படுக்கவைத்து, மேலே தெரிவதை வரையச் சொன்னார். எல்லோரும் மின்விசிறி வரைந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் விசிறியைச் சுற்றிக் கோணல்மாணலாகக் கோடுகள் இழுத்திருந்தாள்.

"இது என்னம்மா?"

"விரிசல் டீச்சர். போன வாரம் லைட்டு வரைக்கும்தான் இருந்துச்சு. இப்ப ஃபேனாண்ட வந்துடுச்சு."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். கூரையின் பூச்சு உப்பிக்கொண்டு நின்றது. உடனே பிள்ளைகளை வராந்தாவுக்கு அனுப்பி, அறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

தலைமையாசிரியர் கோபப்பட்டார். "ரெண்டு நாள்ல இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆபீசர் வர்றாரு. பசங்கள வெளிய குந்தவெச்சிக்கினு இருந்தா நான் என்னா பதில் சொல்றது? சாவியக் குடுங்க. இல்லன்னா மேல எழுதிடுவேன், உங்க வேலையே போயிடும்."

"எழுதுங்க சார். இன்ஜினியர் வந்து பாக்கட்டும், அப்பறம் குடுக்கிறேன்."

அன்று மாலை வீட்டில் நானே சண்டை போட்டேன். என் கணவருக்கு வேலை இல்லாத நேரம். அக்காவின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. "எவனுக்கும் இல்லாத அக்கறை உனக்கு எதுக்குக்கா? சாவியக் குடுத்துட்டு ஒரு சாரி சொல்லிட்டு வா" என்று கத்தினேன்.

"அந்தப் பொண்ணு உக்கார்றது ஃபேனுக்கு நேர் கீழதான்டி" என்றார். சாப்பிடாமல் எழுந்து போனார்.

மறுநாள் ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு, பொறியாளர் வருவதாகச் சொல்லும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த நாள் காலை பொறியாளர் வந்தார். வாசற்படியில் நின்றபடி நீண்ட மூங்கில் கழியால் கூரையைத் தட்டினார். முதலில் மண் உதிர்ந்தது. அடுத்த தட்டலில் பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழ, விசிறிக்குக் கீழே இருந்த பெஞ்சு இரண்டாக உடைந்தது.

தலைமையாசிரியரே மற்ற வகுப்புகளின் கூரையையும் தட்டிப் பார்க்கச் சொன்னாராம். அக்கா அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லிக்காட்டவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல்தான் வீட்டுக்கு வந்தார். நான்தான் சோறு பிசைந்து ஊட்டினேன். "மன்னிச்சிடுக்கா" என்றேன். "தண்ணி குடு" என்றார்.

அதன்பின் சில ஆண்டுகள் நிம்மதியாக வேலை செய்தார். பிறகு புற்றுநோய் வந்தது. மருந்து ஏற்றிய வாரங்களிலும், முடிந்த நாளெல்லாம் பஸ் ஏறினார்.

மருத்துவமனையில் அக்காவை உடன்பிறந்தவரைப் போலப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், மாறி மாறித் துணைக்கு இருந்த தெருப் பெண்களுக்கும், தொலைவிலிருந்து வந்து தோள் கொடுத்த உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அக்காவை அடக்கம் செய்த மறுநாள், பிள்ளைகள் ஏமாந்துவிடக் கூடாதென்று, தனக்கு வரையத் தெரியாது என்று சொல்லிக்கொண்டே பள்ளியில் அக்காவின் ஓவிய வகுப்பை எடுத்த இரண்டாம் வகுப்பு ஆசிரியைக்குத் தனியாக ஒரு கும்பிடு.