கிரகண நாளில் ஒரு தரிசனம்

சென்ற வாரம் மகளுக்கு மொட்டை போடத் திருமலைக்குப் போயிருந்தோம். எந்த வரிசையில் நிற்பது, செருப்பை எங்கே விடுவது... ஒன்றும் புரியாமல் நானும் கணவரும் விழித்துக்கொண்டிருந்தோம். அத்தை – அதாவது என் மாமியார் – குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தார்.

"மாசா மாசம் வந்தவங்களுக்கு வழி தெரியலையா?"

சிரிப்பை அடக்க முடியவில்லை. விஷயம் இதுதான்.

நகரியில் எங்கள் தெருவில், பக்தியில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பெயர். மாதம் இரண்டு முறையாவது திருப்பதி. திரும்பும்போது கையில் லட்டு. உண்மையில் அப்போதெல்லாம் நாங்கள் மலையேறியதே இல்லை. கீழே ஒரு கருத்தரிப்பு ஆஸ்பத்திரியோடு சரி. ஸ்கேன், ஊசி, மறுபடி ஸ்கேன். லட்டு? கணவரின் நண்பர் வீடு திருப்பதியில்தான். அங்கே லட்டுக்குப் பஞ்சமா என்ன?

எதற்கு இந்தப் பொய்? முதல் முறை ஐ.வி.எஃப். செய்தபோது ஊருக்கே சொல்லிவிட்டுத்தான் போனோம். கரு தங்கவில்லை. துக்கம் விசாரிப்பதுபோல் ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். ஒருத்தி, "குறை யாருகிட்ட?" என்று கேட்டேவிட்டாள். அன்று நான் அழுத அழுகை... வேண்டாம், விடுங்கள். இரண்டாவது முறை அத்தைக்குக்கூடச் சொல்லவில்லை. இதுவும் தங்காவிட்டால் இனி வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்திருந்தோம்.

கரு வைக்க டாக்டர் தேதி கொடுத்தார். அன்று காலை கிளம்பும்போது அத்தை கேட்டார்.

"இன்னிக்கேவா போறீங்க?"

"ஆமா அத்தை."

ஒரு நிமிடம் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்தார். பிறகு மோர் பாட்டிலைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

ஆஸ்பத்திரியில் கூட்டமே இல்லை. நம் நல்ல நேரம் என்று சந்தோஷப்பட்டோம். ஏன் கூட்டமில்லை என்று யோசித்தோமா? இல்லை.

மாலை வீடு திரும்பினால், கூடத்தில் பக்கத்து வீட்டு சரளாக்கா. வழக்கம்போல் லட்டை நீட்டினேன்.

"தரிசனம் நல்லா ஆச்சாம்மா?"

"ரொம்ப நல்லா ஆச்சுக்கா."

"இன்னிக்கி கிரகணமாச்சே. காலையிலயே மலையில நடை சாத்திட்டாங்கன்னு டிவியில காட்டிக்கினே இருந்தான். உனுக்கு மட்டும் யாரு தெறந்தாங்க?"

கணவர் சுவர்க் கடிகாரத்தை ஆராய ஆரம்பித்துவிட்டார்.

சமையலறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "அவங்க போனது காளஹஸ்திக்கு. கிரகணத்துலயும் தெறந்திருக்கிற கோயிலாச்சே."

"அப்ப லட்டு?"

"அது போன வாட்டி வாங்கியாந்தது. துன்னு பாரு, கெட்டா போச்சு?"

சரளாக்கா தின்றுவிட்டுப் போனார். அத்தை கதவைச் சாத்தினார்.

"எப்படித் தெரியும் அத்தை?"

"பிரிட்ஜுல மோரு எடுக்கிறவ நானு. தக்காளிக்கு அடியில ஊசி டப்பா வச்சா தெரியாதா?"

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீ பதிலு சொல்லணும். போன வாட்டி எல்லாருக்கும் பதிலு சொல்லித்தான நொந்து போன."

கிரகணம் என்றால் ஊறுகாய் ஜாடியில்கூட தர்ப்பை போட்டு வைப்பவர் அவர். அன்றைக்குப் போய் என்னை வாசல் தாண்ட விட்டிருக்கிறார்! காலையில் அந்த ஒரு நிமிடம் எவ்வளவு பயத்தை விழுங்கியிருப்பார்? அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்த முறை நிம்மதியாக.

ரகசியத்தை மறைக்கிறவர்களுக்கு என்ன பெரிய வேலை? தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

அன்று வைத்த கரு தங்கியது. இதோ, சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள்.

தரிசனம் முடிந்து காரில் ஏறியதும் அத்தை தன் மகனிடம் சொன்னார். "நேரா காளஹஸ்திக்கு வுடு."

"எதுக்கும்மா?"

"அந்த சாமி பேர சொல்லித்தான பொய் சொன்னேன். அத நெஜமாக்க வாணாவா?"